பிளானட் எர்த்: 7 இஞ்சா, 12 இஞ்சா?

பிரிட்டிஷ் இசைக்குழுவான டுரான் டுரானின் முதல் சிங்கிள் (தனிப்பாட்டாக வந்த தட்டு) 'பிளானட் எர்த்' 1981 பிப்ரவரியில் பிரிட்டனில் இரண்டு அளவுகளில் வந்தது. 7 இஞ்ச் இசைத்தட்டில் சுமார் நான்கு நிமிடப் பாட்டு. 12 இஞ்சில் ஆறு நிமிடத்தைத் தாண்டும் 'நைட் வெர்ஷன்'. பழைய தட்டாகத் தேடுகிறவர் எதை எடுப்பது? நான் 12 இஞ்ச் வாங்கியவன், அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

7 இஞ்சுக்குச் சேர வேண்டிய பெருமை உண்டு. வானொலிக்கு ஏற்றது அதுதான். பாட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 12-ஆம் இடம் வரை போனது. சுருக்கமாக, கச்சிதமாக முடிகிறது. விலையும் பொதுவாகக் குறைவு. ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் தட்டை ஓட்டும் பெட்டி) வைத்திருப்பவருக்கு வேறு வழியே இல்லை. சரி, அவ்வளவுதான்.

நைட் வெர்ஷனைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது, வானொலிப் பாட்டை நாடாவில் வெட்டி ஒட்டி நீட்டியிருப்பார்கள் என்று. அப்படி இல்லை. நடனத்துக்கென்று பாட்டையே மாற்றி அமைத்து இசைக்குழு வாசித்தது. பர்மிங்காமில் ரம் ரன்னர் என்ற கிளப்தான் இவர்களுடைய தாய்வீடு. கீபோர்டு வாசித்த நிக் ரோட்ஸ் அங்கே டிஜேயாகவும் இருந்தவர். ஆடுகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த கை. பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டெய்லருக்கு, அமெரிக்க டிஸ்கோ குழுவான ஷிக்கின் பேஸ் கிட்டார் மீது தீராத மோகம். ரோஜர் டெய்லரின் டிரம்ஸோடு சேர்ந்து அது ஓட இடம் கிடைப்பது இந்த நீண்ட வடிவத்தில்தான். (கிட்டார் வாசித்த ஆண்டி உட்பட மூன்று டெய்லர்கள், ஒருவருக்கொருவர் உறவில்லை.)

ஆனால் என்னைத் தீர்மானிக்க வைத்தது இசையமைப்பு அல்ல, தட்டின் அகலம். இரண்டும் நிமிடத்துக்கு 45 சுற்றுதான். ஒரே வேகத்தில் சுற்றினாலும், மையத்திலிருந்து விலகியிருக்கும் பள்ளம் (இசை வெட்டப்பட்ட கோடு) ஊசிக்கடியில் வேகமாக ஓடும். 12 இஞ்சின் வெளி விளிம்பில் அது விநாடிக்கு ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். 7 இஞ்சில் ஆரம்பமே 40-க்குள். கடைசியில் 25 அளவுக்கு இறங்கிவிடும். வேகம் குறையக் குறைய ஒரே விநாடி இசையைக் குறைந்த நீளத்தில் நெருக்க வேண்டியிருக்கிறது. முதலில் அடிபடுவது ஹை-ஹாட்டும் (டிரம்ஸில் உள்ள ஜோடித் தாளத்தட்டு) சிந்தசைசரின் கூர்மையும்தான். இந்தப் பாட்டில் கோரஸ் முழு பலத்தோடு வரும் கடைசிப் பகுதி சரியாக அந்த நெருக்கடியில் மாட்டுகிறது. தேய்ந்த தட்டென்றால் 'ஸ்' எழுத்துகள் எல்லாம் சீறும். 12 இஞ்சில் ஆறு நிமிடத்தையும் மையத்துக்கு மிக நெருங்காமலேயே முடித்துவிடலாம். பள்ளங்களுக்கு நடுவே இடமும் தாராளம், ஆகவே பேஸை அழுத்தமாகவே வெட்டலாம்.

இன்னொன்று: பிரிட்டன் 12 இஞ்சின் மறுபக்கத்தில் அந்த நான்கு நிமிடப் பாட்டும் இருக்கிறது, 'லேட் பார்' பாட்டும் இருக்கிறது. 7 இஞ்சில் உள்ள இரண்டுமே இதற்குள் அடக்கம். அப்புறம் எதற்கு அது?

நான் கேட்டதெல்லாம் வீட்டு ஸ்பீக்கரில்தான். பெரிய கூடத்தில், ஆட்கள் நிறைந்த தளத்தில், இந்த வித்தியாசம் எவ்வளவு தெரியும் என்பதை ஊகமாகத்தான் சொல்வேன்: பேஸ் தெரியும், ஹை-ஹாட் அவ்வளவாகத் தெரியாது.

12 இஞ்சுக்கு ஒரு வியாதி உண்டு. கிளப்பில் வாழ்ந்த தட்டு என்றால், டிஜே பாட்டைத் தொடங்குமிடத்தில் முன்னும் பின்னும் தேய்த்துத் தேய்த்து முதல் சில சுற்றுகள் கரகரக்கும். புகைப்படத்தில் இது தெரியாது. விற்பவரிடம் முதல் அரை நிமிடத்தை ஒலிப்பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை.