கடலோர வீட்டுல கேஸ் கீசர்: மூணு தடவ படுத்துன தெர்மோகப்பிள்

2011 டிசம்பர் கடைசில தானே புயல் கடலூர பொரட்டிப் போட்டப்ப எங்க தேவனாம்பட்டினம் பக்கம் பல நாள் கரண்டே இல்ல, அம்மா வெறகு மூட்டிதான் வெந்நி வச்சாங்க. அப்ப முடிவு பண்ணதுதான் கரண்டு வேணாத கீசர். (மோட்டாருக்கு கரண்டு வேணுமேன்னு கேக்காதீங்க, டேங்குல தண்ணி இருக்கற வரைக்கும்தான்.) அடுத்த வருஷம் பாண்டில வீடு காலி பண்ண ஒருத்தர்கிட்ட பைலட் (மெயின் பர்னர பத்த வைக்க எப்பவும் எரியுற சின்னத் தீ) எரியுற பழைய மாடல் கேஸ் கீசர் ஒண்ணு வாங்குனேன், இன்னும் ஓடுது, மக்கர் பண்ணது எல்லாமே அந்த தெர்மோகப்பிள் வெவகாரம்தான்.

அறிகுறி எப்பவும் ஒண்ணுதான். நாப்ப அமுக்கிப் பத்த வச்சா பைலட் நல்லா எரியும், அர நிமிஷம் புடிச்சிருந்து கைய எடுத்தா பொசுக்குன்னு அணைஞ்சிரும். தெர்மோகப்பிள்ங்கறது பைலட் தீயில முனை நிக்குற ஒரு கம்பி, ரெண்டு உலோகம் சேர்ந்த அந்த முனை சூடானா கொஞ்சூண்டு மின்சாரம் வரும், அந்த மில்லிவோல்ட்டுதான் வால்வுக்குள்ள இருக்கற காந்தத்த புடிச்சு வச்சிருக்கு, அது கொறஞ்சா கேஸ் கட். அதாவது அணையுறது கோளாறு இல்ல, காவல்.

மொத தடவ வெறும் கரி. பைலட் ஜெட்டுல (கேஸ் வர்ற சின்ன ஓட்டை) தூசி அடைச்சு தீ மஞ்சளா எரிஞ்சு முனையில கரி புடிச்சிருந்துச்சு, சிலிண்டர மூடி, ஆறவிட்டு, ஜெட்ட சுத்தம் பண்ணி முனைய மெல்லிசு எமரி பேப்பரால தேச்சேன், சரியாயிடுச்சு. நீலத் தீ முனைய நல்லா சுத்தி நக்கணும், அதப் பாத்துக்கணும்.

ரெண்டாவது தடவதான் மண்டை காஞ்சது. முனை பளபளன்னு இருக்கு, தீ நீலம், ஆனாலும் நிக்கல. ரெண்டு நாள் கழிச்சு தெர்மோகப்பிளோட மறுமுனைய வால்வுல புடிச்சு வைக்கிற நட்ட கழட்டிப் பாத்தா செம்புல பச்சை பச்சையா களிம்பு! எல்லாம் உப்புக் காத்து. இவ்ளோ கம்மி மின்சாரத்துக்கு அந்த மெல்லிசு களிம்பே பெரிய செவுரு. தொடச்சு, கையால முறுக்கி, ஸ்பானர்ல கால் திருப்பு மட்டும் வச்சேன், எரிய ஆரம்பிச்சிடுச்சு. ரொம்ப இறுக்குனா வால்வு பக்க முனை நசுங்கிடும். கடற்கர பக்கம் இருக்கறவங்க மொதல்ல அங்கதான் பாக்கணும்னு நான் சொல்லுவேன், இப்ப வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி தொடச்சிடுறேன்.

மூணாவது தடவ தெர்மோகப்பிள் நெஜமாவே செத்துருச்சு. வால்வுல இருந்து கழட்டி, பைலட்ட அமுக்கிப் புடிச்சு எரிய விட்டு மல்டிமீட்டர் வச்சேன், நல்லதுன்னா 25, 30 மில்லிவோல்ட் வரணும், இதுல 9 தாண்டல. பாண்டில கேஸ் ஸ்பேர் கடைக்கு பழசையே கையோட கொண்டு போனேன், நீளமும் மரையும் ஒத்து வரணும்ல. மாட்டிட்டு சோப்புத் தண்ணி தடவி லீக் பாத்துதான் பத்த வச்சேன்.

அதுக்கு முன்னாடி வந்த ஒரு மெக்கானிக் "வால்வ தொறந்தே நிக்கற மாதிரி கட்டி வுட்டுர்றேன் சார், பார்ட்டே வேணாம்"னாரு. பைலட் அணைஞ்சா கேஸ் பாட்டுக்கு வந்துட்டே இருக்கும், கீசர் பாத்ரூம்ல இல்லாம பின்னாடி தொறந்த தாவாரத்துலதான் இருக்கு, ஆனாலும் அந்தப் பக்கம்தான் அம்மா படுக்குற ரூம் சன்னல். வந்த கூலிய குடுத்து அனுப்பிட்டேன்.