கறுப்பு டி-ஷர்ட்டில் காங்கேயம் காளை: கோடா, புள்ளியா?

ஒரே காளைப் படத்தைக் கறுப்பு டி-ஷர்ட்டிலும் காடாத் துணி பேனரிலும் ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் அடிக்க வேண்டும். அழுத்தமான கோடுகளாக வரைவதா, இல்லை போட்டோஷாப்பில் ஒளியும் நிழலுமாகத் தீட்டி ஹாஃப்டோனாக, அதாவது தள்ளி நின்று பார்த்தால் நிழலாகத் தெரியும் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக, உடைப்பதா? மானிட்டரில் பார்த்தால் இரண்டாவதுதான் அள்ளிக்கொண்டு போகும். ஆர்டர் கொடுப்பவரும் அதற்குத்தான் தலையாட்டுவார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. காங்கேயம் காளைக்கு உடம்பு சாம்பல் வெள்ளை. தலையும் கழுத்தும் திமிலும் கருத்திருக்கும். அந்தச் சாம்பல் கறுப்பில் கரையும் இடம் புள்ளிக்கென்றே அமைந்தது. வெள்ளை மை ஒன்றே போதும். புள்ளி சிறுக்கச் சிறுக்கத் துணியின் கறுப்பே திமிலாகிவிடும்.

சிக்கல் மெஷ்ஷில், அதாவது மை இறங்கும் ஸ்க்ரீன் வலையில் வருகிறது. அங்குலத்துக்கு 55 வரிசைப் புள்ளி (55 வரி) ஹாஃப்டோன் என்றால், அங்குலத்துக்கு 230க்கு மேல் இழை ஓடும் மெஷ் வேண்டும். வெள்ளை மையோ கெட்டியானது. அவ்வளவு நெருக்கமான கண்ணி வழியே குறைவாகத்தான் இறங்கும். கறுப்புத் துணியில் அது வெள்ளையாக இல்லாமல் சாயம் போன சாம்பலாகத் தெரியும். போதாததற்கு, பரப்பில் 5 சதவீதத்துக்குக் கீழே மூடும் பொடிப் புள்ளிகள் பெரும்பாலும் எமல்ஷனிலேயே (படத்தைப் பதிக்க ஸ்க்ரீனில் பூசும் பூச்சு) நிற்காது. 85ஐத் தாண்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெல்ல மங்க வேண்டிய திமில் ஓரம் சட்டென்று வெட்டினாற்போல் முடியும்.

கோட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. 110 மெஷ் போதும். ஒரு முறை அடித்து, சூடு காட்டி, மறுபடி அடித்தால் வெள்ளை பளிச்சென்று உட்காரும். ஆனால் வரையும்போதே கணக்கு வேண்டும். கோடு குறைந்தது 1 பாயின்ட் (அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு), கோடுகளுக்கு நடுவே விடும் இடம் 1.5. மை பரவும் என்பதால் இடைவெளிக்குத்தான் கூடுதல் தயவு காட்ட வேண்டும். இமைக்கும் கருவிழிக்கும் நடுவே விட்ட இடம்தான் முதலில் அடைபடும். அப்புறம் காளை தூங்குவதுபோல் இருக்கும். கண்ணை மட்டும் நிஜ அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிடுவேன்.

மூக்கணாங்கயிற்றுக்குச் சிவப்பு வேண்டுமென்றால், அதன் கீழே ஒரு வெள்ளை அடித்தளம் போட்டு, அதை அரை பாயின்ட் உள்ளே இழுத்துவிட்டால் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்காது. திருப்பூரில் நீள டேபிளில் வெட்டுத் துணியை ஒட்டிக் கையால் அடிக்கும் யூனிட்டுகளில் சின்னச் சின்ன நகர்வு சகஜம். கோட்டோவியம் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஐந்து நிறம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டிய புள்ளிப் படம் பொறுக்காது.

பேனரில் கதை கொஞ்சம் மாறுகிறது. சட்டைக்குச் செய்த ஃபிலிமை (ஸ்க்ரீனில் படத்தைப் பதிக்க உதவும் கண்ணாடித் தாள்) அப்படியே வெள்ளைத் துணியில் கறுப்பு மையால் அடித்தால் காளை நெகட்டிவாக வரும்: உடம்பு கறுப்பு, திமில் வெள்ளை. தீட்டிய படத்தில் இதைச் சரிசெய்ய கறுப்பு வெள்ளையை மாற்றிப் போடும் ஒரு இன்வர்ட் போதும். கோட்டில் நிழல் கீற்றுகளை உட்கார்ந்து மறுபடி வரைய வேண்டும். இந்த இடத்தில் புள்ளி ஜெயிக்கிறது, சரி. ஆனால் 12 அங்குலத்துக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) தீட்டியதை 6 அடிக்கு இழுத்தால் 50 டிபிஐதான் மிஞ்சும். கோரல் டிராவில் கோடாக இருப்பதற்கு எந்த அளவும் ஒன்றுதான். அதோடு, வெளிர் உடம்பு வெள்ளைத் துணியோடு கலந்துவிடாமல் காப்பாற்றுவதும் வெளிக்கோடுதான்.

அதனால் என் ஓட்டு கோட்டுக்கு. திமில் நிழலுக்கு மட்டும் 25 வரியில் பெரும்புள்ளி. பழைய போஸ்டர் சாயலில், வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும், 110 மெஷ்ஷிலும் இறங்கும். ஆட்டோமேடிக் மெஷின், நல்ல ஃபிலிம், சட்டை மட்டும் என்றால் முழுப் புள்ளியே எடுங்கள். பத்துப் பதினைந்து சட்டைதான் என்றால் ஸ்க்ரீனே வேண்டாம், பிரிண்டரில் ஃபிலிமில் அடித்துச் சூட்டில் சட்டைக்கு மாற்றும் டிடிஎஃப் அடித்துவிடலாம்.