வால்வ் அம்ப்ளிபையர் என்று சொல்லி 74,000 ரூபாவை விழுங்கிவிட்டான்: திருகோணமலை ஆக்கள் கவனம்

74,000 ரூபா. முழுசாகப் போய்விட்டது. கோபம் ஆறமுதல் எழுதுகிறேன். ஆறிவிட்டால் எழுதமாட்டேன், அவன் அடுத்த ஆளைப் பிடித்துவிடுவான்.

வீட்டு ஸ்டீரியோவுக்குக் கட்டுப்படியான விலையில் ஒரு வால்வ் அம்ப்ளிபையர் (சிப்புக்குப் பதிலாகப் பழைய றேடியோவில் இருந்த கண்ணாடிக் குழாய் வால்வுகளால் சவுண்டைக் கூட்டி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற பெட்டி) தேடிக்கொண்டிருந்தேன். பெயர்போன கம்பனிச் சாமான் என்றால் லட்சக்கணக்கில் போகும், எங்களுக்குச் சரிவராது. ஆட்கள் தாங்களே விளம்பரம் போட்டு விற்கிற ஒரு ஒன்லைன் தளத்தில் இதைக் கண்டேன். தளத்தின் பெயரை எழுதவில்லை. "முழு வால்வ், இஎல்84 புஷ்புல், 230 வோல்ட்" என்று தலைப்பு. இஎல்84 என்பது வால்வில் ஒரு வகை, புஷ்புல் என்றால் இரண்டு வால்வ் சோடியாக மாறிமாறி வேலை செய்வது. நாலு வால்வும் செம்மஞ்சளாக எரிகிற படம். வடிவாகத்தான் இருந்தது.

போன் எடுத்தேன். ஆள் கொழும்பில், நல்ல தமிழ். விலையைப் பற்றி ஒரு கதையும் இல்லை. முதல் கேள்வியே "அண்ணா, உங்கட ஸ்பீக்கர் எத்தினை ஓம்? சென்சிடிவிட்டி எவ்வளவு?" ஓம் ஸ்பீக்கரின் மின்தடை, சென்சிடிவிட்டி ஒரு வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு. வால்வ் அம்ப்புக்கு வாட் குறைவு, அதனால் ஸ்பீக்கர் தோதாக இருக்கவேணும். இந்தத் தொழில் தெரிந்தவன்தான் அதை முதலில் கேட்பான். 8 ஓம், 89 டெசிபல் என்றேன். "அப்ப ஓகே. ஆனா 15 வாட்தான் அண்ணா, கோயில் திருவிழா சவுண்ட் எதிர்பாக்காதீங்க" என்றான். மற்றவர்கள் மாதிரி 100 வாட், 200 வாட் என்று புளுகவில்லை. இரண்டு இஎல்84ஐப் புஷ்புல்லாகப் போட்டால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் வரும், அவன் சொன்ன கணக்கும் சரி. குறைத்துச் சொல்கிற வியாபாரியை எங்கே கண்டிருக்கிறீர்கள்? போதாததற்கு, "அம்மான்ட ஊர் சாம்பல்தீவு அண்ணா, நாங்களும் உங்கட ஆக்கள்தான்" என்றான்.

சாமான் வந்தபிறகு காசு தாறன் தம்பி என்றுதான் கேட்டேன். "11 கிலோ அண்ணா. உள்ளுக்க மூண்டு டிரான்ஸ்போமர். இவ்வளவு பாரத்துக்கு கூரியர்காரர் கேஷ் ஒன் டெலிவரி எடுக்கமாட்டினம்." 80,000 சொன்னதை 74,000க்கு இறக்கினான். வங்கிக் கணக்குக்குப் போட்டுச் சிலிப்பை அனுப்பினேன். "கடவுள் ஆசீர்வதிப்பார் அண்ணா" என்று வொய்ஸ் மெசேஜ் வந்தது. கடவுளையும் கூட்டுச் சேர்த்துத்தான் 74,000ஐ எடுத்தான்.

பெட்டியைக் கூரியர் பொடியன் ஒரு கையில் பிடித்துக்கொண்டு வந்தான். மற்றக் கையில் அவனுடைய போன். எனக்கு அப்போதே வயிறு கலங்கியது. நேராகச் சந்திக் கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தேன். 2 கிலோகூட இல்லை. கடைக்காரர் "என்ன அண்ணை, கருவாடோ?" என்று கேட்டார்.

பாரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: வால்வ் வேலை செய்வது கூடின வோல்டேஜில், குறைந்த கரண்டில். ஸ்பீக்கர் அதற்கு நேர்மாறு, அது வெறும் 8 ஓம். இரண்டையும் பொருத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு அவுட்புட் டிரான்ஸ்போமர் வேணும், மின்சாரத்துக்கு இன்னொன்று. மூன்றும் இரும்பும் செம்புக் கம்பியும். ஸ்டீரியோ புஷ்புல் அம்ப் 2 கிலோவில் வர வழியே இல்லை. என் பெட்டிக்குள் மின்சாரத்துக்கு இருந்தது லப்டொப் சார்ஜர் மாதிரி ஒரு 19 வோல்ட் அடப்டர். இஎல்84க்கு 250 வோல்ட் அளவில் கொடுக்கவேணும்.

சுவிட்சைப் போட்ட கையோடு பாட்டு வந்தது. பழைய வால்வ் றேடியோ வைத்திருந்த வீட்டுக்காரருக்குத் தெரியும், சூடேறும்வரை கொஞ்ச நேரம் காத்திருக்கவேணும்.

டவுனில் றேடியோ திருத்துகிற ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். வால்வைத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இஎல்84க்கு ஒம்பது கால். இதுக்கு ஏழு." பாட்டு ஓடிக்கொண்டிருக்கவே ஒரு வால்வைப் பிடுங்கினார். பாட்டு நிற்கவில்லை. நாலையும் பிடுங்கி மேசையில் அடுக்கிவைத்தார், பாட்டு தன்பாட்டில் ஓடியது! அடித்தட்டைக் கழற்றினால், ஒவ்வொரு வால்வுக்கும் கீழே ஒரு செம்மஞ்சள் எல்ஈடி. பாட்டைப் படித்துக்கொண்டிருந்தது டிபிஏ3116 என்ற ஒரு சிப். கூடாத சிப் என்று சொல்லவரவில்லை, அதன் விலைக்கு நல்லாகவே படிக்கும். ஆனால் அந்த போர்ட்டைச் சில ஆயிரத்துக்கு வாங்கலாம். நான் கொடுத்தது 74,000.

இனி அவன் சொன்ன சாட்டுகள். முதலில், "புதுச் சாமான் அண்ணா, 50 மணித்தியாலம் ஓடவிடுங்க, சவுண்ட் திறக்கும்." ஏழு கால் ஒன்பதாகத் திறக்குமா? பிறகு, "ஹைபிரிட் எண்டு நான் சொன்னனான்தானே." ஹைபிரிட் என்றால் பாதி வால்வ், பாதி சிப். விளம்பரத்தின் படம் என் போனில் இருக்கிறது, முழு வால்வ் என்றுதான் போட்டிருக்கிறது. அதற்கடுத்தது, "திருகோணமலைதானே, கடல் காத்துப் பட்டிருக்கும்." உப்புக் காற்று ஆணியைத் துருப்பிடிக்க வைக்கும் ஐயா, டிரான்ஸ்போமரைக் கரைத்துக் குடிக்காது. கொழும்புக்குக் கொண்டுவாங்க பாப்பம் என்றான், சரி வாறன், முகவரி தா என்றேன், பதில் இல்லை. கடைசியாக, "அடித்தட்டுக் கழட்டினபடியா வாரன்டி இல்லை." அதோடு என்னை பிளொக் பண்ணிவிட்டான். அம்மாவின் ஊர் சாம்பல்தீவு என்றதும் பொய்யாகத்தான் இருக்கும்.

விளம்பரத் தளத்துக்கு எழுதினேன். தாங்கள் விளம்பரம் போட இடம் தருகிறவர்கள் மட்டும்தானாம், விற்றவரோடு கதைக்கட்டாம். வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பின காசு என்றார்கள். விளம்பரம் இப்போதும் அங்கேதான் கிடக்கிறது, அதே படத்தோடு.

வால்வ் அம்ப் எப்படிப் பார்த்து வாங்குவது என்று விபரமாக எழுத இருந்தேன், இப்போதைக்கு மனசில்லை. பெட்டியைத் தராசில் வைத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். அடித்தட்டுக் கழற்றின படம் கேளுங்கள், தரமாட்டேன் என்றால் விடுங்கள். வெளியே அடப்டர் இருந்தால் கிட்டவும் போகவேண்டாம். முற்பணம் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். ஐயா செய்தமாதிரி வால்வைப் பிடுங்கிச் சோதிக்க நினைக்காதீர்கள், உண்மையான அம்ப் என்றால் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட், நிற்பாட்டின பிறகும் கப்பாசிட்டரில் நிற்கும். ஸ்பீக்கர் பூட்டாமல் போட்டுப் பார்க்கவும் வேண்டாம், அவுட்புட் டிரான்ஸ்போமர் போய்விடும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு எடுத்து முறைப்பாடு போடப்போகிறேன். இதே படத்தைப் பார்த்து வேறு யாராவது காசு போட்டிருந்தால், சிலிப்பையும் வொய்ஸ் மெசேஜையும் அழிக்காமல் இன்பொக்ஸுக்கு வாருங்கள். ஒரே கணக்கிலக்கமாக இருந்தால் சேர்ந்து பொலிசுக்குப் போகலாம்.