ரிசார்ட்டில் யார் யார் இருப்பார்கள்? தங்குமிடங்களை இந்தக் கோணத்தில் ஓர் அலசல்

அறை, கடற்கரை, சாப்பாடு, விலை: ரிசார்ட் தேடும்போது எல்லோரும் பார்ப்பது இவை. மாநிறமாகவோ கருப்பாகவோ இருப்பவர்கள் கூடவே இன்னொன்றையும் பார்க்கிறோம். அங்கே யார் யார் வந்து தங்குகிறார்கள்? குளத்தில் இறங்கினால் நம் குடும்பம் மட்டும் தனியாகத் தெரியுமா? இதை வாய்விட்டுக் கேட்கப் பலருக்குக் கூச்சம். கூச்சப்பட ஒன்றுமே இல்லை. நிறத்தைக் காரணம் காட்டி விடுதிகள் அறை மறுப்பதை அமெரிக்கா முழுவதும் தடுத்த சட்டம் 1964-இல்தான் வந்தது. அதை எதிர்த்து அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. தென்னாப்பிரிக்காவில் கடற்கரைகளை நிறவாரியாகப் பிரிக்க இடம்கொடுத்த 1953-ஆம் ஆண்டுச் சட்டம் 1990-இல்தான் நீக்கப்பட்டது. அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

நான் இரண்டு விஷயங்களை வைத்து ஒப்பிடுகிறேன். விருந்தினர்களில் எத்தனை விதமானவர்கள் இருக்கிறார்கள் என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது இன்னொன்று: பரிமாறுகிறவர்கள் எல்லோரும் ஒரு நிறம், உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் வேறு நிறம் என்று இருக்கிறதா? அப்படிப்பட்ட இடத்தில், சாய்வு நாற்காலியை விட்டு எழுந்து நடக்கும் மாநிற விருந்தினரிடமே துண்டு கொண்டுவரச் சொல்கிறவர்கள் உண்டு.

முதலில், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கும் கடற்கரை ரிசார்ட்டுகள். யார் வருகிறார்கள் என்பதை இங்கே முடிவு செய்வது ரிசார்ட்டின் கொள்கை அல்ல, விமானம்தான். கியூபாவின் வரதேரோவில் கனடாக்காரர்கள் அதிகம். கேனரித் தீவுகளில் பிரிட்டிஷாரும் ஜெர்மானியரும். ஜமைக்காவின் மான்டிகோ பேயில் அமெரிக்கர்கள் நிறைய, அவர்களில் கருப்பினக் குடும்பங்களும் கணிசம். வெளிநாட்டில் குடியேறி விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஜமைக்கர்களும் அங்கே தங்குகிறார்கள். கியூபாவிலோ 2008 வரை சொந்த நாட்டவரே சுற்றுலா ஹோட்டல்களில் அறை எடுக்க முடியாது. இரண்டும் கரீபியன் தீவுகள்தான், மணலும் வெயிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் காலை உணவுக்கூடத்தில் தெரியும் முகங்கள் வேறு.

மாலத்தீவை நான் தனியாகவே வைக்கிறேன். 1972-இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து அங்கே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் வழக்கம். விருந்தினர்கள் ஒரு பக்கம், உள்ளூர் மக்கள் வாழும் தீவுகள் இன்னொரு பக்கம். நாட்டின் மொத்தக் கணக்கைப் பார்த்தால் கலவை பிரமாதம்: 2023-இல் அங்கே அதிகம் போனவர்கள் இந்தியர்கள், 2024-இல் சீனர்கள், கூடவே ரஷ்யர், பிரிட்டிஷார், இத்தாலியர், ஜெர்மானியர். அந்தக் கணக்கை நம்பி அறை பதிவு செய்துவிடாதீர்கள். ஒவ்வொரு ரிசார்ட்டும் தனக்கென்று சில நாடுகளின் பயண முகவர்களைப் பிடித்து வைத்திருக்கும். ஒன்றில் பெரும்பாலும் இத்தாலியர், இன்னொன்றில் சீனத் தேனிலவுத் தம்பதிகள் என்று ஆகிவிடும். நாடு பலவிதம், தீவு ஒரேவிதம். 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைத்தது. மாஃபுஷி போன்ற அந்தத் தீவுகளில் சொகுசு குறைவுதான். ஆனால் தெருவில் பள்ளிப் பிள்ளைகளும் கடைக்காரர்களும் எதிரே வருவார்கள், உள்ளூர்க்காரர் என்றால் பரிமாறுகிறவர் மட்டும்தான் என்ற நிலை அங்கே இல்லை. இரண்டில் ஒன்று என்றால் நான் மாஃபுஷி பக்கம்தான்.

சொகுசுக் கப்பல்களில் கப்பலின் பெயரைவிடப் புறப்படும் துறைமுகத்தைப் பார்ப்பது நல்லது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் தெற்காசியரும் தென்கிழக்கு ஆசியரும் நிறைந்திருப்பார்கள். மயாமி என்றால் லத்தீன் அமெரிக்கர், கரீபியர், எல்லா நிறத்து அமெரிக்கர்களும். பயண நாளும் முக்கியம்: மூன்று நான்கு இரவுப் பயணங்களில் குடும்பங்களும் இளைஞர்களும் கலந்து வருவார்கள். வாரக்கணக்கில் நீளும் பயணங்களில் ஓய்வுபெற்ற வெள்ளையர்களே அதிகம். ஊழியர் பக்கம் குறை உண்டு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று வேலைக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம், அதிகாரிகளில் பலர் ஐரோப்பியர் என்ற அடுக்கு பல கப்பல்களில் கண்ணில் படும்.

வாடகை வீடு எடுத்தால் இந்தக் கவலையே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே பிரச்சினை வாசலிலேயே வரலாம். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வாடகை வீடுகளுக்கான ஏர்பிஎன்பி தளத்தில் சோதித்தபோது, அமெரிக்கக் கருப்பினத்தவருக்குரிய பெயரில் போன விண்ணப்பங்கள், வெள்ளையர் பெயரில் போனவற்றைவிட ஏறக்குறைய 16 சதவீதம் குறைவாகவே ஏற்கப்பட்டன. 2018 முதல், பதிவை ஏற்ற பிறகுதான் விருந்தினரின் படம் உரிமையாளருக்குத் தெரியும் என்று அந்நிறுவனம் மாற்றியது. பெயர் அப்படியும் தெரியும். உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் உடனே உறுதியாகும் வீடுகளைத் தேடுவதே நல்லது.

நகரத்தை ஒட்டிய பொதுக் கடற்கரைகள்தான் என் முதல் தேர்வு. சிங்கப்பூரின் சென்டோசா, தென்னாப்பிரிக்காவின் டர்பன் போன்றவை. உள்ளூர்க் குடும்பங்களே அங்கே விடுமுறைக்கு வருவதால் யாரும் யாரையும் நின்று பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை வைத்திருந்த டர்பன் கடற்கரையில் இன்று டிசம்பர் கூட்டத்தில் பெரும்பாலோர் கருப்பினத்தவர், இந்திய வம்சாவளியினரும் ஏராளம். தனிமையும் அமைதியும் வேண்டுமென்றால் இது சரிவராது, அதை மறைக்கவில்லை.

அப்புறம், பதிவு செய்யும் முன் விளம்பரப் படங்களை ஒதுக்கிவிட்டு, தங்கியவர்கள் எடுத்துப் போட்ட படங்களைப் பாருங்கள். விமர்சனங்கள் எந்தெந்த மொழிகளில் இருக்கின்றன என்று பாருங்கள். பக்கத்து விமான நிலையத்துக்கு எந்த ஊர்களிலிருந்து நேரடி விமானம் வருகிறது என்பதையும் பாருங்கள். நீங்கள் போகும் வாரத்தில் எந்த நாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை என்பதும் கூட்டத்தை மாற்றும். கடைசியாக, ரிசார்ட்டுக்கே எழுதி, அந்த மாதத்தில் எந்த நாட்டு விருந்தினர்கள் அதிகம் என்று கேளுங்கள். அந்தக் கணக்கு அவர்களிடம் இருக்கும். நாட்டை மட்டும் கேட்டால் போதும், நிறத்தைக் கேட்க வேண்டிய தர்மசங்கடம் இல்லை.