கிரஷாம் கல்லூரி மாலைச் சொற்பொழிவுகள்: உரைப்பிரதியோடு கேளுங்கள்

லண்டனில் உள்ள கிரஷாம் கல்லூரியில் மாணவர் சேர்க்கை இல்லை, தேர்வு இல்லை, பட்டமும் இல்லை. பேராசிரியர்கள் மட்டும் உண்டு. அவர்கள் பொதுமக்களுக்குச் சொற்பொழிவு ஆற்றுவதுதான் கல்லூரியின் வேலை. வணிகர் தாமஸ் கிரஷாம் எழுதிவைத்த உயிலின்படி 1597இல் வானியல், சமயம், வடிவியல், சட்டம், இசை, மருத்துவம், சொற்கலை என்று ஏழு இருக்கைகளோடு, அதாவது ஏழு பேராசிரியர் பதவிகளோடு, தொடங்கியது. ஒரே உரையை லத்தீனிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. முதல் இசைப் பேராசிரியர் ஜான் புல்லுக்கு லத்தீன் வராது. அவர் ஆங்கிலத்தில் மட்டும் பேசினால் போதும் என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் சிட்டி ஆஃப் லண்டன் மாநகராட்சியும் மெர்சர்ஸ் என்னும் பழைய வணிகர் சங்கமும் செலவைப் பார்த்துக்கொள்வதால் கேட்பவருக்குக் கட்டணம் கிடையாது.

இலக்கியத்துக்காக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, சொற்கலை இருக்கையை மட்டும் பார்ப்பது. அந்த இருக்கையில் யார் அமர்கிறாரோ அவருடைய துறைதான் பாடம். பெலிண்டா ஜாக், ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் ஜோனதன் பேட் ஆகியோர் இருந்த ஆண்டுகளில் அது இலக்கிய மேடை. அடுத்து வந்த ஜோனா போர்க் வரலாற்றாசிரியர். 2023இல் பொறுப்பேற்ற மெலிசா லேன் பண்டைய கிரேக்க அரசியல் சிந்தனையில் வல்லவர். மாறாக, வடிவியல் பேராசிரியராக இருந்த சாரா ஹார்ட், கணக்குக்கும் இலக்கியத்துக்கும் உள்ள உறவைப் பற்றிச் சுவையாகப் பேசியிருக்கிறார். ஆகவே இருக்கையின் பெயரை விட்டுவிட்டு, அந்த ஆண்டின் தொடர்த் தலைப்பைப் பாருங்கள். வருகைதரு பேராசிரியர்களின் பட்டியலையும் ஒருமுறை புரட்டுவது நல்லது.

ஒரு பேராசிரியர் ஆண்டுக்கு ஆறு உரை தருவார். பல தொடர்களில் அந்த ஆறும் ஒரே வாதத்தின் படிகள். யூடியூப் முன்னால் நீட்டுகிறதே என்று நான்காவது உரையில் நுழைந்தால், முதல் உரையில் விளக்கிவிட்ட சொற்கள் விளக்கமில்லாமல் வந்து விழும். கல்லூரியின் தளத்துக்குப் போய்த் தொடரின் பக்கத்தைத் திறந்து முதல் உரையிலிருந்து வாருங்கள்.

நேரில் போவதென்றால் இடம் ஹோல்போர்னில் உள்ள பார்னார்ட்ஸ் இன் மண்டபம். பக்கத்து ரயில் நிலையம் சான்சரி லேன். சாலையிலிருந்து பார்த்தால் மண்டபம் தெரியாது. கட்டடங்களுக்கு நடுவே ஒரு குறுகிய சந்து உள்ளே போகும். அதைக் கவனிக்காமல் நேரே நடந்துபோவது சுலபம். மண்டபம் பழையது, மரப்பலகை பதித்த சுவர், ஆனால் சிறியது. இலவசம்தானே என்று முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். பெரும்பாலான உரைகள் மாலை 6 மணிக்கு. கேள்வி நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம். நம் ஊர் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளில் வரவேற்புரையும் பொன்னாடையும் தின்றுவிடும் நேரம் இங்கே மிச்சம்.

நேரலையில் பார்ப்பவர்கள் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மணி மாறும். கோடையில் லண்டன் மாலை 6 என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. கல்லூரியின் ஆண்டு செப்டம்பரில் தொடங்குவதால் கணிசமான உரைகள் 11.30 கணக்கில்தான் வரும். சிங்கப்பூரில் அப்போது விடிகாலை 2 மணி. நேரலையில்தான் பார்க்க வேண்டும் என்ற ஆசை இல்லையென்றால் பதிவே போதும்.

உண்மையில் இந்தச் சேவையின் பெரிய சொத்து காணொளி அல்ல, தளத்தில் கூடவே கிடைக்கும் உரைப்பிரதி. யூடியூபின் தானியங்கி வசன வரி கிரேக்கப் பெயரையும் பழைய ஆங்கிலக் கவிதை வரியையும் கொத்திக் குதறிவிடும். பிரதியில் மேற்கோள் சரியாக இருக்கும். பலவற்றில் மேற்கொண்டு படிக்க வேண்டிய நூல்களும் இருக்கும். பிரதியை ஒருமுறை மேலோட்டமாகப் படித்து, பெயர்களைக் குறித்துக்கொண்டு, பிறகு கேட்டால் பிரிட்டிஷ் உச்சரிப்பு பழகாதவர்களுக்கும் தடுமாற்றம் குறையும். ஆனால் பிரதி சில நேரம் முன்கூட்டியே எழுதியது. மேடையில் பேசியதோடு வரிக்கு வரி பொருந்தாது. கட்டுரையில் மேற்கோள் காட்டுபவர்கள் எதிலிருந்து எடுத்தோம் என்பதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

குறை என்றால், சில பேச்சாளர்கள் தாளைப் பார்த்துப் படித்தே ஒப்பேற்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட உரையைக் காணொளியில் பார்ப்பதைவிடப் பிரதியைப் படிப்பது மேல். கேள்வி நேரமும் குறைவு. நீளமாகக் கேட்டால் வாய்ப்புப் போய்விடும். இரண்டு வரியில், உரையில் வந்த ஒரு மேற்கோளைச் சுட்டிக் கேளுங்கள். ஒரு நூலை வரிவரியாகப் பாடம் கேட்க நினைப்பவர்களுக்கு இது போதாது. அவர்கள் கட்டணம் செலுத்தி ஏதாவது பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் சேர்வதே சரி.