சிம்ஸ் 4: பல வருடம் ஆடிய பிறகு

கேம் ஆடுவேன் என்றால் எது என்று கேட்பார்கள். கற்பனை மனிதர்களை உருவாக்கி, அவர்கள் வீட்டையும் வாழ்க்கையையும் நாமே நடத்தும் சிம்ஸ் என்றதும், "அது பொண்ணுங்க கேம் ஆச்சே" என்று பேச்சை முடித்துக்கொள்வார்கள்.

இந்த ஏளனம் பழசு. வில் ரைட் இதை உருவாக்கும்போதே, பொம்மை வீட்டைப் பையன்கள் தொடுவார்களா என்ற சந்தேகம் மாக்ஸிஸ் நிறுவனத்துக்குள் இருந்தது. 2000 பிப்ரவரியில் முதல் பாகம் வந்தது. 2002-இல் மிஸ்ட் என்ற புதிர் கேமை முந்தி, அதுவரை மிக அதிகமாக விற்ற பிசி கேம் ஆனது. ஆடியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

நான் ஆடுவது 2014-இல் வந்த நான்காம் பாகம். ஆரம்பத்தில் அதிலும் ஆண் உடை, பெண் உடை தனித்தனிதான். 2016 ஜூன் அப்டேட்டில் அந்த வேலியை எடுத்தார்கள். 700-க்கும் மேற்பட்ட உடை, முடி வகைகள் எல்லோருக்கும் திறந்தன. நடை, குரல் மட்டுமல்ல, கர்ப்பம் தரிப்பது யார் என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். வீட்டு வேலையிலும் பாகுபாடு இல்லை. சுத்தம் பிடித்த குணத்தைக் கொடுத்தால் ஆண் கதாபாத்திரமும் தானாகப் போய்ப் பாத்திரம் கழுவும். என் அம்மா ரசித்துப் பார்த்த ஒரே கேம் காட்சி அதுதான்!

எனக்குப் பெரிய லாபம் வேறு. மோட் (ஆடுபவர்களே எழுதி, கேமை மாற்றச் சேர்க்கும் ஃபைல்கள்) போடப் போய்த்தான் ஃபோல்டர், ஃபைல் வகை, பிழைச் செய்தி எல்லாம் பழகினேன். இதன் ஸ்கிரிப்ட் மோட்கள் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதப்படுபவை. யாரோ எழுதிய மோடைத் திறந்து ஒரு எண்ணை மாற்றி, என்ன ஆகிறது என்று பார்ப்பதில் தொடங்கியது என் கோடிங். துப்பாக்கி கேம் ஆடும் தம்பிக்கு, "கம்ப்யூட்டர்ல இவன் புலி" என்று வீட்டில் பெயர். எனக்கு "சும்மா பொம்மை விளையாடுறா." சரி, வைஃபை நின்றால் கூப்பிடுவது என்னைத்தான்.

குறைகளும் உண்டு. 2022 அக்டோபரிலிருந்து அடிப்படை கேம் இலவசம்தான். ஆனால் கூடுதல் பேக்குகள் எல்லாவற்றையும் வாங்கினால் ஒரு நல்ல லேப்டாப் விலை ஆகிவிடும். செல்லப்பிராணி, மழை வெயில் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்காசு. பெரிய அப்டேட் வந்தாலே பழைய மோட்கள் மக்கர் செய்யும். மோட் எழுதியவர் புதுப் பதிப்பு போடும்வரை பொறுப்பது நல்லது, அதற்குமுன் சேவ் ஃபைலை வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் சில மாதம் இலவசப் பதிப்பே தாராளம். பேக் வாங்குவதாக இருந்தால் தள்ளுபடிக்குக் காத்திருங்கள், அடிக்கடி வரும்.