மூக்கோரம் உரிகிறதா? தண்ணீரைத் திட்டும் முன் கண்ணாடியைப் பாருங்கள்

கிளிநொச்சிப் பக்கம் முகத்தில் தோல் காய்ந்து உரிந்தால் முதலில் பழி கிணற்றுத் தண்ணீருக்குத்தான். கேத்தலின் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கல் படிந்து கிடப்பதைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். நானும் இரண்டு மாதம் போத்தல் தண்ணீரில் முகம் கழுவினேன், காசு கரைந்ததே தவிர மூக்கின் இரு ஓரமும் புருவமும் உரிந்தபடியே இருந்தன.

உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது, அதன் மிச்சம் தோலில் தங்கும், அது உண்மை. ஆனால் அந்த வறட்சி ஒரு மூலையில் நிற்காது. முகம் முழுக்க இழுக்கும், கை கால்களும் சொரசொரக்கும், கச்சான் காற்றுக் காலத்தில் இன்னும் கூடும். குளித்த ஈரத்தோடு வசலீன் பூசினால் அடங்கிவிடும்.

என்னுடையது வேறு. மூக்கோரம், புருவம், காதுக்குப் பின்புறம் என்று எண்ணெய் சுரக்கும் இடங்களில் மஞ்சள் கலந்த பிசுக்குச் செதில், கூடவே தலையில் பொடுகு. எல்லோர் தோலிலும் வாழும் மலசீசியா என்ற ஒருவகைப் பூஞ்சைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. காய்கிறதே என்று நான் தேங்காயெண்ணெய் தேய்த்தது தீனி போட்ட கதை. வைத்தியர் சொன்ன, பூஞ்சையை அடக்கும் கீற்றோகொனசோல் ஷாம்பூவில்தான் அடங்கியது, ஆனால் நித்திரை முழித்தால் திரும்ப வரும்.

வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து அரித்தால் படர்தாமரை, அதுவும் ஒரு பூஞ்சைத் தொற்றுத்தான். இதற்குப் பாமசியில் கேட்டு வாங்கும் பீற்றாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் கிறீமைப் பூசாதீர்கள். இரண்டு நாள் அடங்கும், பிறகு வட்டமும் அழிந்து கண்டபடி படரும், வைத்தியருக்கே அடையாளம் பிடிபடாது. புதுக் கிறீமோ தலைச் சாயமோ போட்டு ஓரிரு நாளில் எரிந்து சிவந்தால் அதுதான் காரணம், நிறுத்துங்கள்.

பிள்ளைகளின் கன்னத்தில் வெளிறிய, இலேசாகச் செதிலான தேமல் வந்தால் அம்மம்மாமார் பூச்சிக் குளிசை கொடுக்கச் சொல்வார்கள். பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் மாதக்கணக்கில் தானாகவே மறையும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அரிப்பே இல்லாத வெளிறிய தேமல், கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டால் மரத்திருந்தால் தொழுநோயாக இருக்கலாம். முகத்தில் உணர்வு முழுதாகப் போகாமலும் இருக்கும், ஆகவே மாதக்கணக்கில் மாறாத தேமலையும் அரச ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். குளிசை இலவசம்.